பத்து வருஷப் பொறுப்பு

1792 என்ற எண்ணைச் சொன்னால், பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வரலாற்றுப் பாடம்தான். அந்த வருஷம் செப்டம்பரில் பிரான்சில் மன்னராட்சியை ஒழித்தார்கள், முதல் குடியரசு பிறந்தது. இந்தத் தேதியை மறந்தவனுக்கு வகுப்பில் பிரம்பு தயாராக இருக்கும். ஆனால் பிரான்சில் வீடு கட்டிக்கொடுப்பவருக்கும் கட்டிக்கொள்பவருக்கும் 1792 என்றால் வேறு அர்த்தம். அது அவர்களுடைய சிவில் சட்டத்தில் ஒரு பிரிவின் எண். கட்டடம் விழுந்தால் கட்டியவனை எத்தனை வருஷம் வரை கேட்கலாம் என்று சொல்லும் பிரிவு.

வீட்டு வாரண்டி பற்றி எழுதச் சொல்லி ஓய்வூதியர் நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். பணிக்கொடையையும் கம்யூட்டேஷன் பணத்தையும் சேர்த்துப் போட்டு பிளாட் வாங்குவது இப்போது எங்கள் ஊரில் வழக்கமாகிவிட்டது. 'அஞ்சு வருஷம் வாரண்டி உண்டு சார்' என்று பில்டர் சொல்கிறார். சிலர் ஒரு வருஷம் என்கிறார்கள். எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பதில்லை. நான் வக்கீல் அல்ல, பொதுப்பணித் துறைக் கணக்குப் பிரிவில் கோப்பு நகர்த்தியவன். இருந்தாலும் இந்த வாரண்டிக்கு ஒரு நீண்ட வரலாறு இருப்பதும், அது தெரிந்தால் ஒப்பந்தத்தில் உள்ள பொடி எழுத்துகள் தாமாகவே புரியத் தொடங்குவதும் என் அனுபவம். அதனால் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

உயிருக்கு உயிர்

கட்டியவன் பொறுப்பைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சட்டங்களில் ஒன்று பாபிலோன் மன்னன் ஹம்முராபியுடையது. ஏறத்தாழ கி.மு. 1750. அந்தச் சட்டங்கள் பொறித்த கல்தூணை 1901-02-ல் சூசா என்ற இடத்தில் தோண்டி எடுத்தவர்கள் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள். படித்து பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர் ஷெய்ல் என்ற பாதிரியார். தூண் இன்று பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

அதில் வீடு கட்டுபவனைப் பற்றிச் சில பிரிவுகள் உண்டு. கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை. வீட்டுக்காரனின் மகன் செத்தால் கட்டியவனின் மகனுக்கு மரணம். கேட்கவே நெஞ்சு பதறுகிறது. ஆனால் அடுத்து வரும் பிரிவுகள் நமக்குப் பழக்கமானவை. பொருள் நாசமானால் ஈடு கொடுக்க வேண்டும், வீட்டைத் தன் செலவில் திரும்பக் கட்டித்தர வேண்டும். வீடு முழுக்க விழாமல் சுவர் மட்டும் சாய்ந்தாலும், கட்டியவன் தன் சொந்தப் பணத்தில் அதை உறுதிப்படுத்தித் தர வேண்டும்.

இன்றைய வாரண்டியின் விதை இந்தக் கடைசிப் பிரிவில் இருக்கிறது. யார் செலவில் சரிசெய்வது என்பதுதான் அதன் கேள்வி. ஆனால் அதில் காலக்கெடு இல்லை. எத்தனை வருஷம் கழித்து விழுந்தால் கேட்கலாம் என்பதற்கு விடை தேட நாம் பிரான்சுக்கு வர வேண்டும்.

நெப்போலியன் காலத்துப் பிரிவு

1804 மார்ச் 21 அன்று பிரெஞ்சு சிவில் சட்டம் வெளியானது. மொத்தம் 2281 பிரிவுகள். அதில் 1792-ஆம் பிரிவு சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். மொத்த விலை பேசிக் கட்டிய கட்டடம், கட்டுமானக் குறையாலோ மண்ணின் குறையாலோ முழுவதுமாகவோ ஒரு பகுதியோ அழிந்தால், வரைபடம் போட்ட ஆர்க்கிடெக்ட்டும் கட்டிய ஒப்பந்தக்காரரும் பத்து வருஷம் பொறுப்பு. 2270-ஆம் பிரிவு இதன் மறுபக்கம். பத்து வருஷம் முடிந்தால் பெரிய வேலைகளைப் பொறுத்து அவர்கள் விடுபட்டார்கள். இதற்குத்தான் பிரெஞ்சில் 'கரான்தி தெசெனால்', அதாவது பத்து வருஷ உத்தரவாதம் என்று பெயர்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, மண். பூமி களிமண்ணா, மணலா, அடியில் பழைய குளமா என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் கட்டுபவர். 'மண் சரியில்லை, நான் என்ன செய்வது' என்று அவர் கையை விரிக்க முடியாது. தொழில் தெரிந்தவன் பொறுப்பேற்க வேண்டும் என்பது இதன் நியாயம்.

இரண்டாவது, பத்து வருஷம் என்ற கணக்கு. அஸ்திவாரம் இறங்குவதும், சுமை தாங்கும் சுவர் பிளப்பதும் முதல் மாதத்தில் தெரிவதில்லை. சில மழையும் சில வெயிலும் பார்த்த பிறகுதான் தெரியும். அதே நேரம், முப்பது வருஷம் கழித்து விழுந்ததற்குக் கட்டியவன் காரணமா, பராமரிக்காதவன் காரணமா என்று பிரித்தறிவது கடினம். இரண்டுக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு வேண்டியிருந்தது.

மூன்றாவது, 'பெரிய வேலை' என்ற சொல். அஸ்திவாரம், சுமை தாங்கும் சுவர், தளம், கூரை ஆகியவை பெரிய வேலை. சாயம், தாழ்ப்பாள், பூச்சு எல்லாம் சிறிய வேலை. வாரண்டி எதைக் காக்கும், எதைக் காக்காது என்ற பாகப்பிரிவினை இங்கே தொடங்கிவிட்டது.

இதோடு இன்னொரு வேறுபாட்டையும் அந்தச் சட்டம் வைத்திருந்தது. ஏற்கெனவே உள்ள வீட்டை விலைக்கு வாங்கினால், மறைந்திருக்கும் குறைக்கு விற்றவர் பொறுப்பு. கண்ணுக்குத் தெரியும் குறைக்கு அவர் பொறுப்பல்ல. முன்னது 'வீஸ் காஷே', பின்னது 'வீஸ் அப்பாரான்'. பார்த்தே வாங்கினாய், பிறகு ஏன் அழுகிறாய் என்பது இதன் சாரம்.

சாவி வாங்கும் நாள்

பத்து வருஷம் என்றால் எந்த நாளிலிருந்து? பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'ரெசெப்சியோன்' என்பார்கள். வேலை முடிந்ததும் வீட்டுக்காரரும் கட்டியவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஏற்றுக்கொண்டேன் என்று தேதி போட்டுக் கையெழுத்திடுவது. குறை தெரிந்தால் அதை அந்தத் தாளிலேயே எழுத வேண்டும். எழுதாமல் விட்ட வெளிப்படையான குறைகளைப் பின்னால் கேட்க முடியாது.

நம் ஊரில் அந்த நாளில் பாலைக் காய்ச்சுகிறோம், வாழைமரம் கட்டுகிறோம், சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு போடுகிறோம். எந்தக் கதவு மூடவில்லை என்று எழுதுவதற்கு யாருக்கும் நேரம் இல்லை. சட்டத்தின் கண்ணில் கிரகப்பிரவேசத்தைவிட அந்தக் கையெழுத்துத்தான் பெரிய சடங்கு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு

போருக்குப் பின் பிரான்சில் அடுக்குமாடிகள் பெருகின. வீட்டுக்காரரே ஆர்க்கிடெக்ட்டை அமர்த்திக் கட்டும் காலம் போய், வரைபடத்தைப் பார்த்துப் பணம் கட்டி, கட்டி முடித்ததும் குடிபோகும் காலம் வந்தது. 1804-ல் யாரும் நினைத்துப் பார்க்காத ஏற்பாடு. 1967 ஜனவரி 3-ஆம் தேதிச் சட்டம் கட்டப்போகும் வீட்டை விற்பவரையும் இந்தப் பொறுப்புக்குள் கொண்டுவந்தது. பெரிய வேலைக்குப் பத்து வருஷம், சிறிய வேலைக்கு இரண்டு வருஷம் என்று பிரித்தது.

ஆனாலும் வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. ஆர்க்கிடெக்ட் கட்டியவரைக் காட்டுவார், கட்டியவர் சிமெண்ட்டைக் காட்டுவார், நடுவில் வீடு ஒழுகும். இதற்குத் தீர்வாக 1978 ஜனவரி 4 அன்று வந்தது ஸ்பினெத்தா சட்டம். அத்ரியன் ஸ்பினெத்தா என்ற பொறியாளரின் பெயரால் இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அது உத்தரவாதத்தை மூன்று படியாக வைத்தது.

முதல் படி ஒரு வருஷம். ஏற்கும்போது எழுதிக்கொடுத்த குறைகளையும், அந்த ஒரு வருஷத்தில் தெரிந்து எழுத்தில் சொன்ன குறைகளையும், எவ்வளவு சிறியதானாலும், கட்டியவர் சரிசெய்ய வேண்டும். ஆனால் புழங்குவதால் வரும் தேய்மானம் இதில் சேராது.

இரண்டாம் படி இரண்டு வருஷம். கட்டடத்தை உடைக்காமல் கழற்றி மாட்டக்கூடிய சாதனங்களுக்கு.

மூன்றாம் படி பத்து வருஷம். கட்டடத்தின் உறுதியைக் கெடுக்கும் குறை, அல்லது அதை அதன் பயனுக்கு உதவாததாக ஆக்கும் குறை. இந்த இரண்டாவது பகுதிதான் முக்கியம். கூரை ஒழுகினால் வீடு இடிந்துவிடாது, ஆனால் அதில் குடியிருக்க முடியாது. ஆகவே அது பத்து வருஷக் கணக்கில் வரும். தளத்துக்குள் புதைத்த குழாயும் அப்படித்தான். அதை எடுக்கத் தளத்தையே உடைக்க வேண்டும் அல்லவா?

இந்தப் பொறுப்பை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக் குறைத்துவிட முடியாது, அப்படிப்பட்ட வரி செல்லாது. கட்டியவர் தப்பிக்க ஒரே வழி, காரணம் வெளியிலிருந்து வந்தது என்று நிரூபிப்பது. இயற்கைச் சீற்றம், மூன்றாம் ஆள் செய்த வேலை, வீட்டுக்காரர் தாமே செய்தது போன்றவை. நிரூபிக்க வேண்டியவர் கட்டியவர், வீட்டுக்காரர் அல்ல. மேலும், வேலை தொடங்கும் முன்பே ஒரு காப்பீடு எடுக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் விதித்தது. குற்றம் யாருடையது என்ற சண்டை முடிவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்துப் பழுதைச் சரிசெய்ய வைக்கும். பிறகு உரியவரிடம் அது வசூலித்துக்கொள்ளும்.

புதுச்சேரிக்கு வந்ததும் போனதும்

இந்தச் சட்டத்துக்கும் எங்கள் ஊருக்கும் உறவு உண்டு. பிரெஞ்சு சிவில் சட்டம் 1819-ல் புதுச்சேரிக்கு வந்தது. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியான இணைப்பு முடிந்தது. 1968-ல் நாடாளுமன்றம் இயற்றிய நீட்டிப்புச் சட்டத்துக்குப் பிறகு ஒப்பந்தம், சொத்து மாற்றம் போன்றவற்றில் இந்தியச் சட்டங்கள் இங்கே நடைமுறைக்கு வந்தன. பிரெஞ்சுக் குடியுரிமை, திருமணம், வாரிசுரிமை என்று பழைய சட்டம் தொடர்ந்த சில இடங்களைப் பற்றி ஊரில் நிறையப் பேசுவார்கள். கட்டியவனின் பத்து வருஷப் பொறுப்பு போனதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

வந்த இந்தியச் சட்டம் என்ன சொன்னது? 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லிவிட வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். ஆனால் விற்றவருக்கு அந்தக் குறை தெரிந்திருந்தது என்பதை எப்படிக் காட்டுவது? வருஷக் கணக்கும் அதில் இல்லை. மற்றபடி வாங்குபவனே உஷாராக இரு என்ற ஆங்கிலேய மரபுதான்.

அந்த மரபு அமெரிக்காவிலும் இருந்தது. அது உடைந்த வழக்குகளில் ஒன்று 1968-ல் டெக்சஸ் மாநில உச்ச நீதிமன்றத்தில் வந்த 'ஹம்பர் எதிர் மார்ட்டன்'. புது வீடு வாங்கிய பெண்மணி முதன்முறையாகக் கணப்பில் தீ மூட்டினார். புகைபோக்கி சரியாகக் கட்டப்படாததால் வீட்டின் ஒரு பகுதி எரிந்தது என்பது அவர் புகார். புது வீட்டை விற்பவர், அது குடியிருக்கத் தகுந்தது என்று சொல்லாமலே உறுதி கொடுத்தவராகிறார் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கள் ஊருக்கு 1882-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து சேர்ந்த அதே 1968!

அரசாங்கம் மட்டும் உஷார்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தனிமனிதனுக்குத்தான் பாதுகாப்பு இல்லை, அரசாங்கம் தனக்கு வைத்துக்கொண்டிருந்தது. எங்கள் பிரிவில் ஒப்பந்தக்காரர் பில் பாஸ் ஆகும்போதெல்லாம் ஒரு பகுதியைப் பாதுகாப்பு வைப்பாகப் பிடித்துக்கொள்வோம். வேலை முடிந்து, குறைகளுக்குப் பொறுப்பான காலமும் முடிந்து, குறை இல்லை என்று பொறியாளர் எழுதிக் கொடுத்தால்தான் அதை விடுவிப்போம். ஒப்பந்தக்காரர்கள் என் மேஜைக்கு முன் வந்து நிற்பார்கள். 'ஐயா, வேலை முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு' என்பார்கள். எங்கள் ஓவர்சியர் ஒருவர் சிரித்துக்கொண்டே, 'ஐப்பசி கார்த்திகை தாண்டட்டும்யா, அப்புறம் பார்க்கலாம்' என்பார். ஒரு மழைக்காலத்தைப் பார்க்காத கூரையை அவர் நம்புவதில்லை.

பிரான்சிலும் தனியார் வேலைகளில் இப்படிப் பிடித்துவைக்க வழி உண்டு. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகபட்சம் 5 சதவீதம், ஒரு வருஷம். அந்தக் கோப்புகளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் புரிந்தது இதுதான். கையில் பணம் இருந்தால் வாரண்டிக்குப் பல் உண்டு. பிளாட் வாங்கும் நாம் சாவி வாங்குவதற்கு முன்பே கடைசி ரூபாய் வரை கொடுத்துவிடுகிறோம்.

ஐந்து வருஷம்

இந்தியாவில் நிலைமை மெதுவாக மாறியது. 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1993-ல் செய்த திருத்தம் வீடு கட்டித்தருவதையும் 'சேவை' என்று சேர்த்தது. அதே வருஷம் லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். செத்தவர்களில் பலர் பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது ஹம்முராபியின் கல்தூண்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

2016-ல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. எல்லோரும் 'ரெரா' என்கிறோம். அதன் 14-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவுதான் நம் வாரண்டி. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள், கட்டமைப்புக் குறையோ, வேலைத்தரக் குறையோ, பொருளின் தரக் குறையோ, ஒப்பந்தப்படி தர வேண்டிய வசதிகளில் குறையோ தெரிந்து சொன்னால், கட்டி விற்றவர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு. மனையின் பட்டாவில், உரிமையில் குறை இருந்து நஷ்டம் வந்தால் அதற்குக் காலக்கெடுவே இல்லை, அது 18-ஆம் பிரிவு.

பிரான்சின் பத்து எங்கே, நம் ஐந்து எங்கே என்று தோன்றலாம். ஆனால் நம் ஐந்து வருஷத்தில் வேலைத்தரமும் சேர்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் தாராளமானது.

விலக்குகளின் பட்டியல் அந்தப் பிரிவில் இல்லை. விற்பனை ஒப்பந்தத்தில்தான் அவை வரும். நான் படித்துப் பார்த்த ஒப்பந்தங்களில் திரும்பத் திரும்ப வருபவை இவை: வாங்கியவர் சுவரை இடித்தோ துளைத்தோ செய்த மாற்றம், பராமரிப்பு இல்லாமை, இயல்பான தேய்மானம், வெயிலில் விரிந்து குளிரில் சுருங்குவதால் பூச்சில் வரும் மயிரிழை விரிசல், லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர் போன்றவை (அவற்றுக்கு அவற்றைத் தயாரித்தவர் தரும் வாரண்டிதான்).

இன்னொரு பெரிய விலக்கு சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாவிட்டாலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாவிட்டாலோ ரெராவில் பதிவு கட்டாயமில்லை. சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டிக்கொள்பவருக்கு எழுதிக்கொண்ட ஒப்பந்தமும் நுகர்வோர் ஆணையமும்தான் துணை.

தங்கை வீட்டுக் கூரை

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு ஓர் உதாரணம். என் ஒன்றுவிட்ட தங்கை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆறு வீடு கொண்ட சிறிய கட்டடத்தில் மேல்மாடி பிளாட் வாங்கினாள். கையில் இருந்தது முழுக்க அதில் போய்விட்டது. இரண்டாவது மழைக்காலத்தில் படுக்கையறைக் கூரையில் ஓதம் பரவியது. கட்டியவரிடம் கேட்டால், 'வாரண்டி ஒரு வருஷம்தாம்மா, முடிஞ்சு போச்சு. அதோட மேல நீங்க சோலார் ஹீட்டர் மாட்டித் துளை போட்டிருக்கீங்க' என்றார்.

ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்து, 'அண்ணே, இதுல என்னதான் எழுதியிருக்கான்?' என்றாள். பன்னிரண்டு மாதம் என்றுதான் இருந்தது. ஆனால் எந்த நாளிலிருந்து? 'கட்டடம் முடிந்த தேதியிலிருந்து.' முடிவுச் சான்றின் தேதிக்கும் அவளுக்குச் சாவி கிடைத்த தேதிக்கும் எட்டு மாத இடைவெளி. ஆக அவளுக்குக் கிடைத்த வாரண்டி நான்கே மாதம். அதில் மழைக்காலமே வரவில்லை! ஆறு வீடு என்பதால் ரெரா பதிவும் இல்லை, அந்தக் கதவு எளிதில் திறக்காது என்றார் வக்கீல். நுகர்வோர் ஆணையம் போகலாம், அதற்கும் இரண்டு வருஷக் கெடு உண்டு என்றார்.

நாங்கள் முதலில் செய்தது, வெளியிலிருந்து ஒரு பொறியாளரை அழைத்துக் காரணத்தைப் பார்க்கச் சொன்னது. அவர் மொட்டைமாடியில் தண்ணீர் தேக்கிப் பார்த்தார். ஹீட்டர் கால் ஊன்றிய இடத்தில் கசிவு இல்லை. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில்தான் கசிந்தது. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த அறிக்கையோடு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டோம். பல வாரப் பேச்சுக்குப் பிறகு கட்டியவர் செலவில் பாதியை ஏற்றார். வழக்குப் போட்டால் முழுதும் கிடைத்திருக்கலாம். ஆனால் அடுத்த மழைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது, அவளுக்கு வயது 63. பாதியை வாங்கிக்கொண்டாள். மீதிக்கு வளையல் அடகுக்குப் போனது. நியாயம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரே பெயர், வேறு சரக்கு

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே 'ஹோம் வாரண்டி' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் உண்டு. ஒன்று, புது வீட்டுக்குக் கட்டியவர் தருவது. வேலைத்தரத்துக்கு ஒரு வருஷம், ஒயரிங், குழாய் அமைப்புகளுக்கு இரண்டு, கட்டமைப்புக்குப் பத்து என்பது பரவலான வழக்கம். இன்னொன்று, பழைய வீட்டுக்கு வருஷச் சந்தா கட்டி வாங்கும் சேவை ஒப்பந்தம். ஏசி, வாட்டர் ஹீட்டர், அடுப்பு பழுதானால் ஆள் அனுப்புவார்கள். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு கட்டணம், மொத்தச் செலவுக்கும் ஓர் உச்சவரம்பு.

இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறு. கட்டியவர் தரும் வாரண்டி தேய்மானத்தைத் தள்ளிவிடும். சந்தா வாரண்டி தேய்மானத்தால் வரும் பழுதையே ஏற்கும், ஆனால் அஸ்திவாரத்தையோ சுவரையோ பொதுவாகத் தொடாது. ஏற்கெனவே இருந்த பழுதும், பராமரிக்காமல் விட்ட பழுதும் அதில் சேராது. தீ, புயல், வெள்ளத்துக்கு இரண்டுமே உதவாது. அதற்கு வேண்டியது காப்பீடு, அதிலும் வெள்ளத்துக்கு அங்கே பெரும்பாலும் தனிப் பாலிசி எடுக்க வேண்டும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எத்தனை வருஷம் என்று மட்டும் கேட்டால் வாரண்டி புரியாது. பாபிலோன் முதல் ரெரா வரை பார்த்ததில் எனக்குத் தெரிந்த கேள்விகள் மூன்று.

எந்த நாளிலிருந்து? ஒப்பந்தத்தில் 'சாவி ஒப்படைத்த நாளிலிருந்து' என்று இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். சாவி வாங்கும்போது தேதியோடு ஒரு தாள் வாங்குங்கள். கண்ணில் படும் குறைகளை அதில் எழுதுங்கள். முடிந்தால் ஒரு சிறு தொகையை நிறுத்திவைக்க முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

எந்தப் பகுதி? தூண், பீம், தளம், கூரை ஒரு கணக்கு. குழாய், ஒயரிங் ஒரு கணக்கு. பூச்சு, சாயம், டைல்ஸ் ஒரு கணக்கு. லிஃப்ட், மோட்டாரின் வாரண்டி அட்டைகளைச் சங்கத்தின் பெயரில் தனியாக வாங்கி வையுங்கள்.

எதனால்? சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கட்டியதாலா, நாம் புழங்கியதாலா, இயற்கையாலா? மாடியில் துளை போடுவதற்கு முன் போட்டோ எடுங்கள். பராமரிப்பு ரசீதுகளைத் தேதிவாரியாகக் கோத்து வையுங்கள். குறை தெரிந்த அன்றே எழுத்தில் சொல்லுங்கள். போனில் சொன்னதைச் சாட்சி சொல்ல ஆள் கிடைக்காது.

கெடு முடிந்தபின் வீடு முழுக்க நம் பொறுப்பு. எங்கள் கடற்கரைச் சாலையில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய மேரி கட்டடம், பழைய நகராட்சி அலுவலகம், 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே அதைத் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அவ்வளவு காலத்துக்கு எந்த நாட்டுச் சட்டமும் கட்டியவனைப் பிடித்துவைக்காது. வருஷா வருஷம் மாடி வடிகாலில் சேரும் இலையை அள்ளிப் போடுவதும், விரிசலைச் சின்னதாக இருக்கும்போதே அடைப்பதும் குடியிருப்பவர் வேலை. இந்த வருஷ மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. மாடிக்கு ஒரு தடவை ஏறிப் பார்த்துவிடுங்கள், முழங்கால் இடம் கொடுத்தால்.